எரிபொருள் மின்கலத்தின் மின்திறனை அளந்தறியும் முறை

ஜலவாயு எனப்படும் ஹைட்ரஜனைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் எரிபொருள் மின்கலத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. 2023ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4ஆம் தேதி மத்திய மந்திரிசபை, தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் செலவிட அனுமதி அளித்தது. 2025ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், சென்னைப் பெரம்பூரிலுள்ள ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் இயங்கும் ரயில்பெட்டி பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. இவ்வாறு பெயர் பரவிய பொருள் எதுவும் நாளடைவில் கிராமத்துக்கும் விற்பனைக்கு வரும் என்பது அனுபவத்தில் கண்டது.

திருத்தணிகை வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுவோரில் பலர் கிணற்று நீரையும் ஆழ்துளைக் குழாய் நீரையும் நம்பியிருப்பவர்கள். பம்பு செட்டுக்கு மின்சாரம் தரும் புதுக் கருவி என்று ஒருவர் இக்கலத்தைக் கொண்டுவந்து காட்டினால், அதன் தகட்டில் எழுதியிருக்கும் வாட் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதா, அளந்து பார்த்த பின் ஏற்றுக்கொள்வதா என்பதே கேள்வி. களத்து நெல்லை மரக்காலால் அளக்காமல் குவியலைக் கண்டு விலை முடிப்பவர் எவருமில்லை. மின்சாரத்துக்கும் மரக்கால் உண்டு. அதனைப் பிடிக்கும் முறை கீழே விவரிக்கப்படுகிறது.

கலம் வேலை செய்யும் விதம்

கலத்தின் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜனும், மறு பக்கம் பிராணவாயுவும் அல்லது சாதாரணக் காற்றும் செலுத்தப்படும். சவ்வின் இரு பக்கங்களிலும் பிளாட்டினம் என்னும் விலையுயர்ந்த உலோகத் தூள் பூசப்பட்டிருக்கும். அத்தூளின் மேல் ஹைட்ரஜன் இரு கூறாகப் பிரிகிறது. ஒரு கூறு சவ்வினுள் புகுந்து மறு பக்கம் செல்லும். எலெக்ட்ரான் என்னும் மற்றொரு கூறு சவ்வினுள் புக இயலாமல் வெளிக் கம்பி வழியாகச் சுற்றிச் செல்லும். அவ்வாறு கம்பியில் செல்வதே மின்னோட்டமாகும். இரு கூறுகளும் மறு பக்கத்தில் பிராணவாயுவுடன் கூடி நீராகின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜன் செலவானால் 9 கிலோ நீர் வெளிப்படும். தீயும் இல்லை, புகையும் இல்லை.

இவ்வுண்மையை வில்லியம் குரோவ் என்பவர் 1839ஆம் வருஷத்திலேயே கண்டு வெளியிட்டார். உழவுக்கும் இதற்கும் தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. 1959ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் 1,008 கலங்களை ஒரு டிராக்டரில் அடுக்கி, சுமார் 15 கிலோவாட் மின்சாரம் எடுத்து, வயலில் ஓட்டிக் காட்டினர். அது புரொப்பேன் மிகுந்த வாயுக்கலவையால் ஓடிற்று. காட்சிப்பொருளாக நின்றதேயன்றி அந்த டிராக்டர் விற்பனைக்கு வரவில்லை.

ஹைட்ரஜனும் குடியானவர்களுக்குப் புதியதன்று. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் செய்ய வேண்டிய அம்மோனியாவில் சுமார் நாலரைக் கிலோ ஹைட்ரஜன் அடங்கியிருக்கிறது. உரத்தின் வழியாக அதனை நெடுநாளாக உபயோகித்து வருகிறோம். மின்சாரத்தின் வழியாக உபயோகிப்பதே புதிது.

திறன் என்பது யாது?

அளக்குமுன் அளக்கப்படும் பொருள் இன்னதென்று தெளிய வேண்டும். திருத்தணிகை மலைக்கோயிலுக்கு 365 படிகள். கணக்கின் பொருட்டு ஒரு படி அரையடி உயரம் என்று கொண்டால், மொத்த உயரம் உத்தேசமாக 55 மீட்டர் ஆகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அவ்வுயரம் ஏறினால், அவர் தம் உடலைத் தூக்கச் செய்த வேலை 9 வாட்-மணி அளவாகும். கால் மணி நேரத்தில் ஏறினாலும், ஒரு மணி நேரத்தில் ஏறினாலும் வேலை ஒன்றே. ஆனால் கால் மணியில் ஏறியவர் காட்டிய திறன் 36 வாட். ஒரு மணியில் ஏறியவர் காட்டியது 9 வாட். ஆகவே திறன் என்பது வேலை நடக்கும் வேகம். வேலையின் மொத்தம் வேறு. மின்சாரக் கட்டணச் சீட்டில் யூனிட் என்று குறிப்பது அந்த மொத்தத்தை. 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு யூனிட் ஆகும்.

மின்சாரத்தில் திறனை நேரே காண முடியாது. தள்ளும் அழுத்தத்தை வோல்ட்டாலும், ஓடும் அளவை ஆம்பியராலும் அளந்து, இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு அளவும் ஒரே சமயத்தில், சுமை இழுத்துக்கொண்டிருக்கும்போது எடுக்கப்படல் வேண்டும்.

இதன் காரணம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். விடியற்காலையில் இறைக்குமுன் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைக் கொண்டு கிணற்றின் ஊற்றைச் சொல்ல முடியாது. பம்பை ஓட்டினால் நீர்மட்டம் இறங்கும். ஓடும்போது எந்த மட்டத்தில் நிலைத்து நிற்கிறது, அப்போது எவ்வளவு நீர் வருகிறது என்று இரண்டையும் பார்த்தே ஊற்றை மதிப்பிட வேண்டும். மின்கலமும் அவ்வாறே. சுமை இல்லாதபோது ஒரு கலம் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். மின்னோட்டம் எடுக்க எடுக்க அவ்வோல்ட் இறங்கும். சாதாரணமாக வேலை செய்யும் நிலையில் ஒரு கலத்துக்கு 0.6 முதல் 0.7 வோல்ட் வரையே நிற்கும். ஆதலாற்றான் பல கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உபயோகிக்கின்றனர்.

வேண்டிய கருவிகள்

1. வோல்ட்மீட்டர் ஒன்று. நேர்மின்சாரம் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும்.

2. ஆம்பியர் அளக்க ஷண்ட் என்னும் அளவுத்தகடு ஒன்று. கைமல்டிமீட்டர்கள் பெரும்பாலும் 10 ஆம்பியருக்கு மேல் தாங்கா. 50 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் காட்டும் ஷண்ட் கடைகளில் கிடைக்கும். அதில் 37.5 மில்லிவோல்ட் காட்டினால் 25 ஆம்பியர் ஓடுகிறதென்று பொருள். கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டரை உபயோகித்தால், அது நேர்மின்சாரத்தையும் அளக்கக்கூடியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; விலை குறைந்தவற்றிற் பல மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும்.

3. சுமை. லாரிகளில் எரியும் 24 வோல்ட் முகப்பு விளக்குகள் இருபதை ஒரு பலகையில் தனித்தனிச் சுவிட்சுடன் பொருத்தினால் போதுமானது. ஒவ்வொன்றாகப் போடப் போடச் சுமை ஏறும்.

4. கடிகாரமும், குறிப்புப் புத்தகமும், வாயு ஓட்டத்தை அளக்கும் கருவியும்.

அளக்கும் முறை

முதலாவது, ஷண்ட்டைக் கலத்துக்கும் சுமைக்கும் இடையே, மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே செல்லுமாறு இணைக்க வேண்டும். அதனை ஒருபோதும் கலத்தின் இரு முனைகளுக்கும் நேராக இணைத்துவிடலாகாது. இணைத்தால் கலம் குறுக்கிணைப்பாகிக் கெடும்.

இரண்டாவது, வோல்ட்மீட்டரின் கம்பிகளைக் கலத்தின் முனைகளிலேயே தனியாகத் தொடுக்க வேண்டும். விளக்குப் பலகையில் தொடுத்தால், இடையிலுள்ள கம்பியில் நஷ்டமாகும் வோல்ட் கணக்கில் வராமற்போகும்.

மூன்றாவது, சுமையில்லாமல் வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு விளக்குகளை இரண்டிரண்டாகப் போட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 5 நிமிஷமாவது காத்திருந்து, முள்ளோ எண்ணோ அசையாது நின்ற பிறகே வோல்ட்டையும் ஆம்பியரையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஆம்பியர் சரியாக 5, 10 என்று அமையாவிடின் அமைந்த அளவையே எழுதலாம். சுமை ஏறும்போது எடுத்த அளவுகளை, இறக்கும்போது மறுமுறையும் எடுத்து ஒப்பிடுதல் நலம்.

நான்காவது, வாங்க உத்தேசிக்கும் திறன் எதுவோ அந்நிலையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பத்து நிமிஷத்துக்கொருமுறை அளவெடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாங்கும் கலம் ஒரு மணி நேரம் தாங்கும் என்பது நிச்சயமில்லை. சவ்வு உலர்ந்தாலும், உண்டான நீர் வெளியேறாமல் தேங்கினாலும் திறன் குறையும்.

உதாரணக் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு, 24 கலங்கள் அடுக்கிய பெட்டி ஒன்றைப் பின்வருமாறு கொள்வோம்.

0 ஆம்பியர் — 23.0 வோல்ட் — 0 வாட்
5 ஆம்பியர் — 19.2 வோல்ட் — 96 வாட்
10 ஆம்பியர் — 17.3 வோல்ட் — 173 வாட்
15 ஆம்பியர் — 15.6 வோல்ட் — 234 வாட்
20 ஆம்பியர் — 13.9 வோல்ட் — 278 வாட்
25 ஆம்பியர் — 11.5 வோல்ட் — 288 வாட்
30 ஆம்பியர் — 7.7 வோல்ட் — 231 வாட்

இவ்வட்டவணையில் கவனிக்கத்தக்கவை மூன்று. சுமையில்லாத நிலையில் 23 வோல்ட் காட்டியும் திறன் பூஜ்யம். அந்த 23 வோல்ட்டையும் கடைசியிலுள்ள 30 ஆம்பியரையும் பெருக்கி 690 வாட் என்று ஒருவர் சொன்னால், அது எந்த வேளையிலும் கிடைக்காத திறன்; இப்பெட்டியின் உச்சம் 288 வாட்டே. சூரிய மின்பலகைகளை மதிப்பிடும்போதும் இப்பிழை நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, உச்சத்துக்கு அப்பால் ஆம்பியரைக் கூட்டினால் திறன் ஏறாமல் இறங்குகிறது.

வாயுச் செலவும் சேர்ந்த கணக்கு

திறனை மட்டும் அளந்து நின்றால் பாதிக் கணக்கே ஆகும். மின்கலத்தில் ஓடும் மின்னோட்டத்துக்கும் செலவாகும் ஹைட்ரஜனுக்கும் மாறாத விகிதம் உண்டு. ஒரு கலத்தில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.0376 கிராம் ஹைட்ரஜன் செலவாகும். அடுக்கில் எத்தனை கலங்களோ அத்தனை மடங்கு.

மேற்படி பெட்டியை 15 ஆம்பியரில் ஓட்டினால் மணிக்கு 13.5 கிராம் ஹைட்ரஜன் செலவாகி 234 வாட் கிடைக்கிறது. 25 ஆம்பியரில் ஓட்டினால் 22.6 கிராம் செலவாகி 288 வாட் கிடைக்கிறது. வாயுச் செலவு நூற்றுக்கு 67 வீதம் கூடிற்று. திறன் 23 வீதமே கூடிற்று. ஒரு அளவுக்கு மேல் இட்ட எரு மகசூலாக வராமல் வீணாவது போல, இங்கும் கூடுதல் வாயு பெரும்பாலும் வெறும் சூடாகப் போகிறது. ஒரு கிலோ வாயுவுக்கு முதல் நிலையில் 17 யூனிட்டுக்கு மேல் கிடைக்க, இரண்டாம் நிலையில் 13 யூனிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. ஆதலால் உச்சத்திறனில் நாள்தோறும் ஓட்டுவது ஆதாயமன்று.

கணக்கிட்ட வாயுவைவிட அளவுக்கருவி காட்டும் வாயு மிகுந்திருந்தால், தேங்கிய நீரை வெளியேற்ற விடப்படும் வாயுவைக் கழித்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் வித்தியாசம் நின்றால் எங்கோ கசிவு இருக்கிறதென்று அறிக.

இன்னொரு கழிவும் உண்டு. காற்றை ஊதும் விசிறிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். அவை 25 வாட் எடுத்துக்கொண்டால் 234இல் எஞ்சுவது 209 வாட். காட்சி காட்டுபவர் விசிறியைத் தனி பாட்டரியால் ஓட்டினால் இக்கழிவு கண்ணுக்குத் தெரியாது. அதையும் அளந்து கழித்தபின் நிற்பதே நிகரத் திறன். இக்கணக்கில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு நிகரமாகக் கிடைப்பது 15½ யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

விண்ணில் அளந்த 180 வாட்

இவ்வகை அளவுக்கு நம் எல்லைக்கு அருகிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2023ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி இரவு திருத்தணிகையில் படித்திருவிழா நடந்து முடிய, மறுநாள் 2024 ஜனவரி 1ஆம் தேதி காலை 9.10 மணிக்கு, ஆந்திரக் கடற்கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட் புறப்பட்டது. அதன் கடைசி அடுக்கு 350 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் பரிசோதனை மேடையாக நிறுத்தப்பட்டது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்தார் செய்த 100 வாட் வகுப்பு எரிபொருள் மின்கலம் அதில் பொருத்தப்பட்டிருந்தது. அங்கே காற்று இல்லாமையால் ஹைட்ரஜனோடு பிராணவாயுவும் அழுத்தக் கலங்களில் அடைத்துக் கொண்டுபோகப்பட்டது. குறுகிய நேரம் நடந்த சோதனையில் 180 வாட் கிடைத்ததென்று இஸ்ரோ அறிவித்தது.

இதிற் படிக்க வேண்டிய பாடம் யாதெனில், பெயரளவு வேறு, அளந்த அளவு வேறு. அளந்த அளவையும் எவ்வளவு நேரத்துச் சோதனை என்று சேர்த்தே சொல்ல வேண்டும். இஸ்ரோ அறிவிப்பில் வகுப்பு, திறன், சோதனையின் குறுமை, வாயுக்களின் ஏற்பாடு நான்கும் சொல்லப்பட்டன. விற்பனைச் சீட்டிலும் இந்நான்கையும் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமையாகும்.

பம்பு செட்டுக்குப் பொருத்திப் பார்த்தல்

5 குதிரைத்திறன் மோட்டார், தன் நஷ்டத்தையும் சேர்த்து, உத்தேசமாக 4,500 வாட் இழுக்கும். மேலே சொன்ன பெட்டிகள் 22 சேர்ந்தால்தான் அது ஓடும். நேராகச் சுவிட்சுப் போட்டு ஓட்டும் மோட்டார், புறப்படும் கணத்தில் சாதாரண மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். அப்போது கலத்தின் வோல்ட் சரிந்துவிடும். ஆகவே மெதுவாக வேகமேற்றும் கருவி இன்றியமையாதது. நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கிய பிறகு அளப்பதாயின், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் சரியான வாட் வராது. வாட்மீட்டரையே உபயோகிக்க வேண்டும்.

இம்மோட்டார் நாள்தோறும் 5 மணி நேரம் ஓட வேண்டியது 22½ யூனிட். அதற்கு ஹைட்ரஜன் சுமார் ஒன்றரைக் கிலோ வேண்டும். நீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் செலவாகிறது. ஆகவே 22½ யூனிட் வேலை வாங்க 75 யூனிட் அளவு மின்சாரம் முதலில் செலவிட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கிய சிறு ஹைட்ரஜன் ஆலை மணிக்கு 10 கன மீட்டர் வாயு தரத்தக்கது. அது எடையில் 0.9 கிலோ. நம் உதாரண வீதப்படி அதிலிருந்து திரும்பக் கிடைக்கக்கூடியது 14 யூனிட் அளவே.

பகலில் சூரிய மின்சாரம் கிடைக்குமாயின் அதைக்கொண்டு நேரே நீரை இறைத்துத் தொட்டியிலோ குட்டையிலோ சேர்ப்பதே சிக்கனம். குடியானவனுக்குச் சேர்த்து வைக்கத்தக்க பொருள் நீர், வாயுவன்று. இலவச மின் இணைப்பு உள்ளவர்கள் இக்கலத்துக்காகப் பணம் செலவிடக் காரணமேயில்லை. மின்கம்பி எட்டாத இடங்களிலும், டெலிபோன் கோபுரம் போல மின்சாரம் ஒரு கணமும் நிற்கலாகாத இடங்களிலும், பாட்டரி தாங்காத நெடுநேர உபயோகத்துக்கு இது ஏற்றது.

எச்சரிக்கை

ஹைட்ரஜன் மணமற்றது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை கலந்தால் தீப்பற்றும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதரிது. காற்றினும் மிக இலேசாதலால் மேலே எழுந்து கூரையடியில் தங்கும். ஆகையால் கலத்தையும் சிலிண்டரையும் மூடிய பம்பு அறையில் வைத்துப் பரீட்சிக்கலாகாது. மேற்புறம் திறந்த கொட்டகையிலோ வெளியிலோ வைத்து, பீடி, சிகரெட்டு, அடுப்பு எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்குப் பலகையின் சுவிட்சுகளில் பொறி எழுமாதலால் அதனைக் கலத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வாயு இணைப்புகளைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

சுமையோடு அளந்த வோல்ட்டும் ஆம்பியரும் எவ்வளவு? எவ்வளவு நேரம் நிலைத்தது? விசிறி முதலியவற்றைக் கழித்த நிகர வாட் என்ன? ஒரு யூனிட்டுக்குச் செலவான ஹைட்ரஜன் எத்தனை கிராம்? அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து, என்ன விலைக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? இவ்வைந்துக்கும் அளந்த விடை எழுத்தில் கிடைக்கும்வரை முன்பணம் கொடாதிருத்தல் நலம்.

கிராம அதிகாரிகள், இத்தகைய காட்சி ஊரில் நடக்குமாயின் நேரில் இருந்து, அளவுகளை நேரத்தோடு குறித்து வைப்பதும், வேளாண்மைப் பொறியியல் துறையாரின் யோசனையைக் கேட்கும்படி குடியானவர்களுக்குச் சொல்வதும் உபயோகமாகும். இத்துறையில் ஆராய்ச்சி செய்யும் ஸ்தாபனங்களும் தொலைவில் இல்லை. காரைக்குடியில் 1948ஆம் வருஷம் அடிக்கல் நாட்டப்பெற்று 1953ஆம் வருஷம் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும், சென்னைத் தரமணியிலுள்ள எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப நிலையமும் தமிழ்நாட்டிலேயே உள்ளன. கலம் நல்லதா தீயதா என்பதை விற்பவர் சொல்லும் வாய்ச்சொல் தீர்மானிக்க வேண்டியதில்லை. சுமையை ஏற்றி, இரண்டு எண்களைச் சேர்த்துக் குறித்து, கடிகாரத்தைப் பார்த்தால் கலமே சொல்லிவிடும்.